எத்தினை பேர்

வரிசை என்றால் என் காலுக்கு இன்னும் பயம்.
பாங்கில், பஸ்ஸில், சங்கக் கடையில்
ஆளுக்கு முன்னால் ஆள் நின்றால்
முழங்கால் தானாய் மடியப் பார்க்கும்,
குந்து, குந்து என்று யாரோ கத்துவதுபோல.

அதனால்தான் நன்மை வாங்கப் போறேல்லை என்று
சனத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன்.
பாதிப் பொய்.

அளம்பில் கோயிலில் இடப்பக்கம் நாலாவது வாங்கு.
என் முழங்காலை உரசிக்கொண்டு எழும்பிப் போவார்கள்,
சம்மாட்டியின் மனைவி, வலை தெரிக்கும் பெடியள்,
போன வருசம் முதல் நன்மை எடுத்த குஞ்சுகள்.
"கொஞ்சம் வழிவிடுங்கோ கொறற்றி அக்கா."
விடுவேன்.
பதினாறு வருசம் விட்டேன்.
உதடு மூடி அவர்கள் திரும்பி வருகையில்
என் வாயில் எச்சில் ஊறும்.
வெட்கம் கெட்ட வாய்.

அந்த வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வலைஞர்மடத்தில், பங்குனியில் ஒரு விடியல்,
எமிலை மண்ணுக்குள் வைத்தேன்.
ஒன்பது வயது.
பங்கருக்கு மூட்டை தைத்த என் கூறைச் சேலையின்
மிச்சத் துண்டில் சுற்றி.
தொடங்கின செபத்தைப் பாதியில் விட்டு ஓடினோம்.
பத்து மணிக்குக் கஞ்சி என்றார்கள்.
போனேன்.
ஏன் போனாய் என்று கேட்காதீர்கள், கால் போனது.
கையில் என் கிண்ணமும், அவனுடைய கோப்பையும்.
பிடி உடைந்தது. நீலம்.

அகப்பை பிடித்த பெடியன் நிமிராமல் கேட்டான்:
"எத்தினை பேர்?"
"ரெண்டு" என்றேன்.

ரெண்டு அகப்பை.
ட்ராக்டர் பெட்டிக்குக் கீழே குந்தி இருந்து
ரெண்டையும் நானே குடித்தேன்.
அவனுடையதை முதலில், ஆறிவிடும் என்று.
எனக்குப் பின்னால் எத்தனை பேருக்குப்
பானை வழிக்கிற சத்தம் மட்டும் கிடைத்ததோ,
திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில் வந்தவர் புதுப் பாதர்.
மோட்டார் சைக்கிளும் தூசியுமாய் வருவார்.
எமிலைவிட மூன்று வயது கூட இருக்கும்.
பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு இந்தப் பக்கம்
கருவாட்டு மணத்தோடு முழங்காலில் இருந்து
அகப்பைக் கணக்கைச் சொன்னேன்.
புத்தி சொல்வார் என்று பார்த்தேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு,
"கஞ்சிக்கு உப்பு இருந்ததோ அம்மா?"
"இல்லைப் பாதர்."
"எங்கட வரிசையிலயும் இல்லை" என்றார்.
அதற்குப் பிறகுதான் மன்னிப்பு மந்திரம்.

ஞாயிறு.
முன்னால் நின்றவளின் கொண்டை ஊசிகளை எண்ணி எண்ணிக்
குந்தாமல் நின்றேன்.
கைமேல் கை வைத்து ஏந்தினேன்.
சூடை மீன் வெட்டிய தழும்பு, உப்பு வெடிப்பு,
தேசிக்காய் தேய்த்தும் போகாத வாடி மணம்.

"கிறிஸ்துவின் திருவுடல்."
ஆமென் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"ரெண்டு" என்றது வாய்.

பாடகர் குழு அதே அடியை இன்னொரு முறை இழுத்தது.
அவர் அப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு அதை முறித்தார்,
சருகு முறிகிற அளவு சத்தம்,
ரெண்டு துண்டையும் என் கையில் வைத்தார்.

முதல் நன்மைக்குப் பாடமாக்கினது நினைவில் வந்தது:
எவ்வளவு சின்னதாய் உடைந்தாலும்
ஒவ்வொரு துணிக்கையிலும் அவர் முழுசு.
அப்போது அது சோதனைக்கு. பத்துக்கு எட்டுப் புள்ளி.

சின்னத் துண்டை முதலில் வாயில் வைத்தேன்.
பின்னால் நின்றவள் தோளில் தட்டினாள்,
"நகருங்கோ அக்கா."
நகராமல் நின்று மற்றதையும்.
உப்பில்லை.
ரெண்டையும் நானே உண்டேன்,
இந்த முறையும்.

இந்த முறை திரும்பிப் பார்த்தேன்.
வரிசை வாசல் தாண்டி வேப்பமரம் வரைக்கும்.
பாத்திரத்தில் இன்னும் இருந்தது.

வாங்கில் வந்து இருந்த பிறகுதான்
ஆமென் வந்தது,
மெல்ல, ஏவறைபோல.